சன்னம்

யூலை 6, ஞாயிறு

பத்து வெடியில் நாலுதான் இலக்குக் கடதாசியில் பட்டது. அந்த நாலில் மூன்று பக்கவாட்டாகப் போய்க் கடதாசியைச் சாவித் துவாரம் மாதிரிக் கிழித்திருக்கிறது. மூக்கை முன்னுக்கு வைத்துப் போக வேண்டிய சன்னம் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. வெட்கக்கேடு.

எங்கள் துவக்குச் சுடும் கழகத்தின் கப்டன் நொரீன் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "டான், நீ கடதாசிக்குச் சுடுறியோ, காகத்துக்குச் சுடுறியோ?" (அவள் பேசுவது ஆங்கிலம். டயரியில் எல்லாரும் என் தமிழில்தான் பேசுவார்கள்.) தனபாலசிங்கம் என்ற என் முழு நீளப் பெயரை இந்த ஊர் டான் என்று சுருக்கி வெகு காலமாகிவிட்டது. மெல்பேணிலிருந்து மூன்று மணித்தியாலம் தள்ளி இருக்கும் ஊரில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது.

துவக்கு நொரீனின் தகப்பனுடையது. 1942இல் செய்த முந்நூற்றுமூன்று. அவர் போனபின் எனக்கு விற்றாள். "நீ பொறுமைசாலி, இதை நீதான் வைச்சிருக்கோணும்" என்றாள்.

ஒக்டோபர் கடைசியில் பக்கத்து ஊர்க் கழகத்தோடு பழைய துவக்குப் போட்டி. எங்கள் பக்கம் மூன்று பேர். இந்த வருடம் புது விதி போட்டிருக்கிறார்கள்: கடையில் வாங்கிய சன்னம் கூடாது, அவரவர் வார்த்த ஈயச் சன்னம் மட்டும். நொரீன் தெளிவாகச் சொல்லிவிட்டாள். செப்டெம்பர் முடிவதற்குள் என் பத்து வெடியும் சோறு போட்டுச் சாப்பிடும் ஒரு கோப்பையின் அளவுக்குள் விழ வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது இடம் கழகத்து டெரிக்கு.

எனக்கு அந்த இடம் வேண்டும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் இந்த ஊரில் என்னை யாரும் "நீ எந்த ஊர்?" என்று கேட்பதில்லை.

யூலை 9, புதன்

குழலுக்கு அச்சு எடுத்தேன். பல் வைத்தியர்களுக்கு முப்பத்தைந்து வருடமாகக் கிரவுன் செய்து கொடுப்பவனுக்கு அச்சு எடுப்பது புதிதில்லை. மெல்லிய ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் பூசிக் குழலின் ஒரு முனையால் தட்டி மறுமுனையால் எடுத்தால், உள்ளே இருக்கும் முறுக்கு வரிகள் அதன் மேல் பதிந்து வரும். போர்க்கால அவசரத்தில் செய்த குழல், இரண்டே இரண்டு வரி. அளக்கச் சுலபம்.

அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்குத் தௌ என்று பெயர். துவக்கின் பெயர் முந்நூற்றுமூன்று. உள்ளே அளந்தால் முந்நூற்றுப் பதின்மூன்று தௌ! பெயரில் ஒன்று, வயிற்றில் ஒன்று. நான் வார்க்கும் சன்னமோ முந்நூற்றுப் பதினொன்று. கையோடு அளந்து பார்க்காமல், சன்னம் வார்க்கும் அச்சை விற்றவனின் பேச்சை நம்பியிருக்கிறேன். சன்னம் குழலைப் பிடிக்காமல் சும்மா வழுக்கி ஓடினால் எப்படிச் சுழலும்? சுழலாவிட்டால் எப்படி நேரே போகும்? குழலைவிட ஒரு தௌ கூட இருக்க வேண்டும். முந்நூற்றுப் பதினாலு.

சாப்பிடும்போது மனைவி சுகிர்தாவுக்குச் சொன்னேன்: "என்ர சன்னம் சன்னமாப் போச்சு."

"துவக்குக் கதை வீட்டுக்க வேண்டாம்" என்றாள். ஆனாலும் சிரித்துவிட்டாள். இந்தப் பகிடியை நொரீனுக்கு எப்படிச் சொல்வது? அவளுக்குச் சன்னம் வேறு, மெல்லிசு வேறு.

முதல் அளவு பதின்மூன்று. சரிபார்க்க இன்னொரு முறை, பன்னிரண்டு. பிறகு பதினாலரை. மைக்ரோமீற்றர் பழசு. புதிது வாங்க வேண்டும்.

யூலை 15, செவ்வாய்

சுகிர்தா வயோதிபர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து, முருங்கைக்காய்க் கறியை அடுப்பில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகும்போது, தண்ணீர் வற்றியதும் நிற்பாட்டச் சொன்னாள். சொன்னதை மறக்கவில்லை. குசினியிலேயே இருந்து பேப்பர் பார்த்தேன். கறி கரியாகிவிட்டது.

அவள் வந்ததும் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குளிர்காலம். மூக்கடைப்பு.

யூலை 20, ஞாயிறு

மழை. கழகம் இல்லை. மகள் ஆரணி சிட்னியிலிருந்து எடுத்தாள். "அப்பா, உரத்துக் கதையுங்கோ, ஒண்டும் விளங்கேல்லை." இந்த ஊரின் ரெலிபோன் லைனைத் திருத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். திருத்திய பாடில்லை.

ஓகஸ்ட் 2, சனி

புது அச்சு செய்விக்கக் காலம் காணாது. மூன்று மாதம் எடுக்குமாம். ஆகவே என் தொழில் மூளையைப் பாவித்தேன். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் சூடு தாங்கும் மெல்லிய அலுமினிய நாடாவை ஒட்டினேன். பாதிகள் ஒரு மயிரிழை விலகி நிற்கும். வரும் சன்னம் அவ்வளவுக்குப் பருக்கும். பல்லில் தொப்பி இறுகினால் உள்பக்கத்தைச் சுரண்டுவோம், தளர்ந்தால் ஒரு பூச்சுக் கூட்டுவோம். அதே கணக்கு.

பின் ஷெட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஈயத்தை உருக்கினேன். கொஞ்சம் வெள்ளீயம். அழுக்குப் பிரிய ஒரு துண்டு மெழுகு. முதலில் வந்ததெல்லாம் சுருங்கிய மூஞ்சி. அச்சுச் சூடேறியபின் பளபளவென்று வந்தது. அளந்தால் முந்நூற்றுப் பதினாலு! சத்தம் போட்டுச் சிரித்தேன். நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

பழைய பதினொன்றுகளை எறிய மனம் வரவில்லை, திரும்ப உருக்கலாம். அவற்றை ஒரு ஐஸ்கிறீம் பெட்டியிலும் புதியவற்றை இன்னொரு ஐஸ்கிறீம் பெட்டியிலும் போட்டு, 311, 314 என்று எழுதி ஒட்டினேன்.

உள்ளே வந்ததும் சுகிர்தா மூக்கைப் பொத்தினாள். "உடுப்பெல்லாம் மெழுகு மணம். முதல்ல போய்க் குளியுங்கோ. கையை நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்கோ, ஈயம்."

"அப்பிடி மணக்குதோ?"

"உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"லேசா" என்றேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பத்தும் வட்ட ஓட்டை! ஒரு சாவித் துவாரம் இல்லை. சன்னம் நேரே போகிறது. நொரீன் கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "அப்பாவின்ர துவக்குக்கு உயிர் வந்திட்டுது" என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆனால் பத்தும் பத்துத் திசையில். கோப்பைக்குள் ஒன்றுகூட இல்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டு இருந்தது. குறி பார்க்கும் முன்காட்சிக் குமிழ் ஆடுகிறதோ தெரியவில்லை. விசையும் இறுகிவிட்டது. விரல் அழுத்தத் தொடங்கி வெடி கிளம்புவதற்கிடையில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். எண்ணெய் விட வேண்டும்.

"கை குளிருதோ?" என்று நொரீன் கேட்டாள். ஆமென்றேன்.

ஓகஸ்ட் 13, புதன்

பல் வைத்தியர் ஹெலன் ஒரு கிரவுனைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். விளிம்பு சரியில்லையாம். போன மாதமும் ஒன்று வந்தது. அவள் அனுப்பும் அச்சு சரியில்லை என்று எழுதிப் போட்டேன். முன்னைய வைத்தியர் இருந்தபோது இந்தக் கரைச்சல் இல்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

திரும்பச் செய்தேன். முழு நாளும் போயிற்று.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

விசைக்கு எண்ணெய் விட்டேன், காட்சிக் குமிழின் ஆணியை இறுக்கினேன், தோளில் முட்டும் கட்டைக்குத் தோல் கட்டினேன். பலன் அதேதான். வட்ட ஓட்டைகள், ஊரெல்லாம். ஈயத்தின் கலப்பு ஒரே சீராக இல்லையோ? ஒவ்வொரு சன்னத்தையும் நிறுத்துப் பார்க்கப் போகிறேன்.

இன்னொரு கூத்து. வியாழக்கிழமை சுகிர்தா சிநேகிதியோடு மெல்பேணுக்குப் போனாள். தமிழ்க் கடைச் சாமான்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். சின்ன வெங்காயம் கேட்டதற்கு ஒரு பெரிய பை வெந்தயம் வந்திருக்கிறது.

"வெங்காயம் எண்டெல்லோ எழுதினனான்."

துண்டை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "நீங்களே வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். வெங்காயம்தான். ஆனால் நான் எழுதியது என்பதால்தான் அது வெங்காயம் என்று எனக்குத் தெரிந்தது.

"உங்கட எழுத்து சன்னமாப் போச்சப்பா" என்றாள். "முந்தி முத்து முத்தா இருக்கும். கலியாணத்துக்கு முதல் நீங்கள் எழுதின காயிதமெல்லாம் எப்பிடி இருக்கும்!"

"பேனை சரியில்லை."

அடுத்த நாளே தடித்த முனைப் பேனை ஒன்று மேசையில் இருந்தது. அந்தப் பேனையால்தான் இதை எழுதுகிறேன். எழுத்து தடிப்பாக இருக்கிறது. அளவு என்னவோ அதேதான்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

தந்தையர் தினம். ஆரணி வந்து போனாள். சாப்பிட்ட பிறகு, "அப்பா, ஏன் எந்த நேரமும் வலது கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

குளிர் என்றேன். அவள் அரைக் கைச் சட்டையோடு இருந்தாள்.

அவளும் தாயும் குசினியில் நெடு நேரம் மெல்லிய குரலில் கதைத்தார்கள். நான் போனதும் பேச்சு முருங்கைக்காயின் விலைக்குத் தாவியது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

எல்லாம் போச்சு. சாவித் துவாரங்கள் திரும்பி வந்துவிட்டன.

புதிதாக ஏற்றிய ரவைகள். பத்தில் ஐந்து கடதாசியைத் தொடவேயில்லை. தொட்டவை எல்லாம் பக்கவாட்டு. அலுமினிய நாடா வேலை செய்யவில்லையா? குழலே தேய்ந்துவிட்டதா? எண்பது வருடத்துத் துவக்கு, தேயும்தான். நொரீனின் தகப்பன் துப்புரவாக வைத்திருந்ததை நான் ஈயம் அப்பிக் கெடுத்துவிட்டேனா?

நொரீன் பகிடி விடவில்லை. அதுதான் மோசம். "டான், இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கு. பிறகு நான் டெரிக்குச் சொல்லோணும். உனக்கு விளங்கும்தானே" என்றாள். டெரி நல்ல பெடியன், அறுபத்தொன்று. எனக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்தான். அதையும் நடுங்காமல் வாங்கிக் குடித்தேன். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

ஷெட்டுக்குள் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அறுபத்தேழு வயதில் ஈயத்துக்காக எவனாவது அழுவானா?

செப்டெம்பர் 17, புதன்

சுகிர்தா ஷெட்டுக்குள் வந்தாள். இந்த வீட்டுக்கு வந்த காலம் தொட்டு அவள் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. துவக்கு பெட்டகத்தில் பூட்டியிருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். எண்பத்தேழில், ஊரில் யுத்தம் நடந்த காலம், அவளுடைய தமையனை வீட்டுப் படலையடியில் வைத்துச் சுட்டார்கள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நான் கேட்பதுமில்லை. நான் கல்லூரிக் கடேற் மாணவர் படையில் சுடப் பழகியது கடதாசிக்கு. அவள் கண்டது வேறு. அப்படிப்பட்டவள் உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"என்ன நடந்தது? விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

சொன்னேன். பதினொன்று வழுக்கியது, பதினாலு பிடித்தது, இப்போது பதினாலும் வழுக்குகிறது.

அவள் ஐஸ்கிறீம் பெட்டிகள் இரண்டையும் மடியில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். "இதில எது பதினொண்டு, எது பதினாலு?"

"எழுதியிருக்கெல்லே."

"எழுதியிருக்கு. ஆனா ரெண்டும் ஒண்டாத்தான் கிடக்கு."

பல் வேலைக்குப் போடும் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 311. மற்றது... அதுவும் 311 மாதிரித்தான். நாலின் கொம்பு மண்ணில் இறங்கிய வேலிக்கட்டையாக ஒடுங்கிக் கிடந்தது. மைக்ரோமீற்றரை எடுத்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, "எப்பிடிப் பிடிக்கிறது, காட்டுங்கோ" என்று தானே அளந்தாள். முதல் பெட்டி: பதினொன்று, பதினொன்று, பதினொன்று. அடுத்தது: பதினாலு, பதினாலு, பதினாலு. பழைய மைக்ரோமீற்றர்தான். அவள் கையில் ஒரு தரம்கூட மாறிச் சொல்லவில்லை.

போன கிழமை நான் முதல் பெட்டியிலிருந்து எடுத்து ரவைக்குள் வைத்தது அவ்வளவும் பதினொன்று. வெந்தயம் வாங்கியது அவள் மட்டுமில்லை.

துவக்கு சரி! குழல் சரி! நாடா சரி! எழும்பி நடனமாடலாம் போலிருந்தது. பிழையெல்லாம் அந்த ஸ்டிக்கரில். இத்தனூண்டு ஸ்டிக்கரில் எப்படித்தான் எழுதுவது? உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

சுகிர்தா தடித்த பேனையால் இரண்டு பெட்டியின் மூடிகளிலும் பென்னம்பெரிதாக எழுதினாள். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன்" என்றாள்.

"எங்க?"

"நீங்கள் சுடுற இடத்துக்கு."

செப்டெம்பர் 21, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.

சுகிர்தா காலையிலேயே வெளிக்கிட்டு நின்றாள். அவள்தான் கார் ஓட்டினாள். கழகத்தில் நொரீன் அவளைக் கட்டிப்பிடித்து, காதுக்கு அடைப்பும் கண்ணாடியும் கொடுத்தாள். முதல் வெடி கேட்டபோது சுகிர்தாவின் தோள் குலுங்கியது. போகலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள், இல்லையென்று.

மேசையில் மணல் மூட்டையை வைத்து அதன்மேல் துவக்கைக் கிடத்தினேன். 314 என்று ஊருக்கே தெரிய எழுதிய பெட்டியின் சன்னங்கள். நான் கதிரையில் இருக்கப் போனபோது அவள் என் தோளைப் பிடித்தாள்.

"நான் முதல்ல சுடுறன்."

நான் பகிடி என்று நினைத்தேன். அவள் நொரீனைப் பார்த்தாள். விருந்தாளி ஒருவர் கழகத்தில், கப்டன் பக்கத்தில் நிற்கச் சுடலாம், ஒரு கையெழுத்துப் போட்டால் காணும். நொரீன் என்னைப் பார்த்தாள். அவர்கள் இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

நொரீன் கட்டையைத் தோளில் அணைக்கச் சொன்னாள், மூச்சை விட்டுவிட்டு விசையை மெல்ல இழுக்கச் சொன்னாள். அவ்வளவுதான் பாடம். சுகிர்தா சுட்டாள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். தமையனின் பெயரைச் சொன்னாளோ, முருகனைக் கூப்பிட்டாளோ, நான் கேட்கவில்லை. விசை இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இல்லையே. வெண்ணெய் மாதிரி இருக்கு."

பத்து முடிந்ததும் துவக்கை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று கையைச் சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள். நொரீன் கடதாசியைக் கொண்டு வந்தாள். பத்து ஓட்டை, பத்தும் வட்டம். தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சோசர் ஒன்றால் அவ்வளவையும் மூடலாம். வாழ்க்கையில் முதன்முறை துவக்குத் தொட்டவள்.

பிறகு நான் இருந்தேன். அதே துவக்கு, அதே பெட்டி, அதே மூட்டை. காற்று இல்லை. நல்ல வெயில், குளிருமில்லை. சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லை.

பத்து. மூன்று கடதாசியை விட்டே வெளியே. மற்ற ஏழும் ஆளுக்கொரு மூலையில். ஒவ்வொரு ஓட்டையும் காசு மாதிரி வட்டம்.

நொரீன் தேத்தண்ணி போடப் போனாள். நானும் சுகிர்தாவும் வாங்குப் பலகையில் இருந்தோம். என் வலது கை மடியில் கிடந்தது. பொக்கற்றுக்குள் வைக்கவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் ஏதோ மருந்துக் குளிசை உருட்டுவதுபோலத் தங்கள் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தன. இருவரும் அதைப் பார்த்தோம்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"என்ன? உரத்துச் சொல்லுங்கோ."

"உமக்கு எப்ப இருந்து தெரியும்?"

"முருங்கைக்காய் எரிஞ்ச அண்டைக்கு. கார் நிப்பாட்டேக்கையே மணம். உள்ளுக்கு வந்தா நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில இருந்து பேப்பர் பாக்கிறீங்கள். எங்கட இல்லத்தில எத்தினை பேரைப் பாத்திட்டன். முதல்ல மணம் போகும். பிறகு எழுத்து, குரல். எல்லாம் சன்னமாப் போகும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நம்புவீங்களே? என்னையும் அந்த மைக்ரோமீற்றரால அளந்து பாத்திட்டுப் பிழை எண்டிருப்பீங்கள். துவக்கு சொன்னாத்தான் கேப்பீங்கள் எண்டு தெரியும்." பிறகு சொன்னாள்: "அந்தச் சனியனை என்ர சீவியத்தில தொடமாட்டன் எண்டு இருந்தனான். உங்களுக்காகத் தொட்டன். இனிக் கேக்காதேங்கோ."

என் கையைப் பிடித்தாள். அவள் பிடிக்குள் விரல்கள் அடங்கின. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, இத்தனை மாதமும் அவள் தனியே பயந்திருக்கிறாள் என்பதை நினைக்க வெட்கமாக இருந்தது.

நொரீனிடம் நானே போய்ச் சொன்னேன். டெரிக்குச் சொல்லிவிடு என்றேன்.

செப்டெம்பர் 22, திங்கள்

ஹெலனுக்கு ரெலிபோன் எடுத்து, அச்சில் பிழையில்லை, என் கையில்தான் என்றேன். அவள் அழுதுவிட்டாள். நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாய்ப் போயிற்று.

ஒக்டோபர் 3, வெள்ளி

டொக்டர் இளம் பெண். நடக்கச் சொன்னாள், விரல்களைத் தட்டச் சொன்னாள், முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு ஒரு கடதாசியைத் தந்து, "ஒரு வசனம் எழுதுங்கோ, என்னவும் எழுதலாம்" என்றாள். எனக்கு அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது. எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, தேவையும் இருக்கவில்லை. தொடக்கத்தில் சுமாராக இருந்த எழுத்து வரியின் முடிவில் எறும்பாகியிருந்தது. அதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

பார்க்கின்சன் என்றுதான் நினைக்கிறாள். மெல்பேணில் பெரிய வைத்தியரிடம் போக வேண்டும். மருந்து இருக்கிறது, அப்பியாசம் இருக்கிறது என்றாள். துவக்கு லைசென்ஸ் பற்றி நான் கேட்பதற்கு முன் சுகிர்தா கேட்டாள். அறிவிக்க வேண்டுமாம். அறிவிப்போம்.

வெளியே வந்ததும், "அந்தக் கடதாசியில என்ன எழுதினனீங்கள்?" என்றாள்.

"துவக்கில் பிழை இல்லை."

ஒக்டோபர் 26, ஞாயிறு

போட்டி. துவக்கு இப்போது திரும்ப நொரீனின் பெட்டகத்தில், அவள் பெயரில். இன்று டெரி அதால் சுட்டான். சன்னம் என் அச்சில் வார்த்தது. விதியை இழுத்து வளைத்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்: வார்த்தவர் கழகத்தில் ஒருவராக இருந்தால் சரி. ஈயத்தை ஊற்றியது நொரீன். அளந்தது சுகிர்தா. துவக்கைத் தொட மாட்டாளாம், சன்னத்தை அளப்பாளாம். நான் கதிரையில் இருந்து இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்கினேன்.

என்னைச் சும்மா விடவில்லை. டெரிக்குப் பின்னால் தொலைநோக்கியோடு இருத்தி, காற்றைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். கொடி கொஞ்சம் வலப்பக்கம் சரிந்தது, குறியை இடப்பக்கம் அரைப் பங்கு நகர்த்த வேண்டும். "இடம் அரை" என்றேன்.

"கேக்கேல்லை, டான்!"

"இடம் அரை!"

"இன்னும் சத்தமா!"

வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வேலிக்கு அப்பால் மேய்ந்த செம்மறிகள் ஓடின. டெரியின் பத்தும் கோப்பைக்குள். ஆனாலும் நாங்கள் இரண்டு புள்ளியால் தோற்றோம். பக்கத்து ஊர்க் கப்டன் வந்து கை கொடுத்து, "உந்தச் சத்தம் போடுற மனிசன் ஆர்?" என்று கேட்டானாம். நொரீன் சொன்னாளாம், எங்கட டான் என்று.

ஒக்டோபர் 27, திங்கள்

புதுக் கொப்பி. முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரிய அகலக் கோடு. சுகிர்தா வாங்கி வந்தாள். கோட்டைத் தொடும்படி பெரிதாக எழுத வேண்டுமாம், ஒவ்வொரு நாளும். பக்கத்துக்கு நாலு வரிதான் கொள்ளுகிறது. அதனால் தேவையானது மட்டும்.

எனக்குப் பயம்தான்.

சுகிர்தா பக்கத்தில் இருந்து, கடைக்குப் போகப் போகிறேன், என்ன வேண்டும் எழுதுங்கோ என்கிறாள்.

வெங்காயம்.

வாசிக்க முடிகிறதாம்.